அபாய மணியும் அணு உலையும்

இக்காலத்து வீடுகள் சிலவற்றில், கதவை யாரேனும் நெம்பினால் மணி ஒலிக்கிறது. விளக்குகள் தாமாகவே எரிகின்றன. வெளியூரிலிருக்கும் வீட்டுக்காரருக்குச் செய்தியும் பறக்கிறது. களவு காக்கும் எச்சரிக்கைப் பெட்டியை, வீட்டின் விளக்கையும் பூட்டையும் ஆளும் கணினியோடு இணைத்துவிடுவதால் வரும் வசதி இது. இதை நாம் புத்தம் புதிய யோசனை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் எச்சரிக்கும் கருவியையும் செயல் புரியும் கருவியையும் எதுவரை இணைக்கலாம் என்னும் கேள்வி பழையது. மும்பையில் செம்பூருக்கு அப்பால், குன்றும் கடற்கழியும் சூழ்ந்த டிராம்பேயில், சுமார் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு விடை காண வேண்டியிருந்தது.

1954-ஆம் ஆண்டில் அங்கே அணுசக்தி ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. ஹோமி பாபாவின் தலைமையில் நம் விஞ்ஞானிகள் கட்டிய 'அப்ஸரா' என்னும் அணு உலை, 1956-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் தேதி இயங்கத் தொடங்கியது. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. உலையை ஆளும் கருவிகளையோ, ஏ. எஸ். ராவ் முதலிய நம் பொறியியலாளர்களே அமைத்தனர். அந்த மின்னணுப் பணியின் வழியில்தான் 1967-இல் ஹைதராபாத்தில் இந்திய மின்னணுக் கழகம் பிறந்தது.

அப்ஸரா நீர்த்தொட்டிக்குள் அமைந்த உலை. இத்தகைய உலையில், அணுப்பிளவைத் தணிக்கும் தண்டுகளை மின்காந்தங்கள் மேலே தாங்கி நிற்பது வழக்கம். உலையின் வேகம் வரம்பு மீறியதாக அளவுகருவி கண்டால் மணி ஒலிக்கும். அதே நொடியில் காந்தத்துக்குச் செல்லும் மின்சாரமும் அறுபடும். தண்டுகள் தம் எடையாலேயே கீழே விழும். மின்சாரமே நின்றுபோனாலும் விளைவு அதுதான். கருவி பழுதுபட்டாலும் அபாயத்தின் பக்கம் சாயாமல் காப்பின் பக்கமே சாய வேண்டும் என்பது இதன் தத்துவம்.

இத்தத்துவம் ஒரே நாளில் கைவந்ததன்று. 1942-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, சிகாகோ நகரில் என்ரிகோ ஃபெர்மி உலகின் முதல் அணு உலையை இயக்கியபோது, கோடரி ஏந்திய ஒருவர் நின்றிருந்தார். ஆபத்து நேர்ந்தால் கயிற்றை வெட்டித் தண்டை விழச் செய்வது அவர் பணி. தானே இயங்கும் தண்டு ஒன்றும் இருந்தது. முற்பகலில் அது திடீரென்று விழுந்தது. ஆபத்து ஏதும் இல்லை. அது விழ வேண்டிய வரம்பை மிகத் தாழ்வாகக் குறித்துவிட்டார்கள். ஃபெர்மி அனைவரையும் உணவருந்த அனுப்பிவிட்டுப் பிற்பகலில் வெற்றி கண்டார். எச்சரிக்கை கூருணர்வு மிகுந்திருந்தால் வேலை நிற்கும். மழுங்கியிருந்தால் உயிர் போகும். இடைநிலையைத் தேர்வது மனித அறிவின் பொறுப்பு.

டிராம்பேயின் இரண்டாவது உலை, கனடா நாட்டின் துணையோடு எழுந்து 1960-இல் இயங்கத் தொடங்கிய 'சைரஸ்'. அதற்கு முன்மாதிரி, கனடாவில் சாக் ரிவர் என்னுமிடத்தில் இருந்த என்.ஆர்.எக்ஸ். உலையாகும். அம்முன்மாதிரியில் 1952-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி நேர்ந்த விபத்தை நாம் அறிந்திருத்தல் வேண்டும். கீழ்த்தளத்தில் ஒருவர் தவறான அடைப்பான்களைத் திறந்துவிட, காப்புத் தண்டுகள் சில மேலெழுந்தன; மேலே ஆட்சிப் பலகையில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. மேற்பார்வையாளர் ஓடிச் சென்று தவற்றைத் திருத்தினார். விளக்குகள் அணைந்தன, தண்டுகள் இறங்கிவிட்டன என்று யாவரும் நம்பினர். உண்மையிலோ, விளக்கை அணைக்கும் அளவுக்கே அவற்றுள் சில இறங்கியிருந்தன! அந்நிலையில் மேற்பார்வையாளர் தொலைபேசியில் ஒரு பொத்தானின் எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டார். கேட்டவரோ பொத்தான்களை அழுத்தத் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டார். திருத்திச் சொல்ல வழியில்லை. உலை கட்டுமீறியது. இறுதியில் தொட்டியிலிருந்த கனநீரை வடியவிட்டே அதை அடக்கினர்.

இதிலிருந்து கற்ற பாடம் பெரிது. அன்றாடம் உலையை ஆளும் அமைப்பு வேறு, ஆபத்தில் அதை நிறுத்தும் அமைப்பு வேறு. முன்னதன் கோளாறு பின்னதைத் தொடக்கூடாது. இதைக் கனடா நாட்டுப் பொறியியலாளர் பிற்கால உலைகளில் விதியாகவே கொண்டனர். ஆனால் விளக்கு புகட்டிய பாடம் எங்கும் மனத்தில் நிலைக்கவில்லை. 1979-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் தேதி, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு நிலையத்தில் அதே பிழை வேறு உருவில் வந்தது. அடைப்பான் ஒன்று மூடப்படாமல் சிக்கிக்கொண்டது. பலகை விளக்கோ, 'மூடு' என்ற ஆணை சென்றதை மட்டும் காட்டி அணைந்தது. முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருங்கே ஒலிக்க, எதை முதலில் நோக்குவது என்று பணியாளர் திகைத்தனர். தானாகத் தொடங்கிய அவசரக் குளிர்நீரையும் அவர்களே குறைத்துவிட்டனர். உலையின் உட்பகுதி பெரிதும் உருகியது.

இனி நம் வீட்டு வாயிலுக்கு வருவோம். எச்சரிக்கைப் பெட்டி கணினிக்குச் செய்தி தரட்டும். கணினி விளக்கை ஏற்றட்டும். ஆயினும் கணினி உறங்கினாலும், இணைப்பு அறுந்தாலும், மணி தன்போக்கில் ஒலித்தாக வேண்டும். 'பூட்டு' என்று ஆணையிட்டதால் மட்டும் கதவு பூட்டியதாகாது. தாழ் விழுந்ததைத் தனியொரு கருவி பார்த்துச் சொல்ல வேண்டும். பூனை நடந்தாலும் அலறும் மணியை அண்டை வீட்டார் நான்காம் நாள் செவிமடுக்கமாட்டார்கள்.

அப்ஸரா ஓய்வு பெற்றது. அதன் புதிய வடிவம் 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது. சைரஸ் 2010-இன் இறுதியில் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. உலைகள் முதுமை அடைகின்றன. அவற்றை ஒட்டி மனிதர் கற்ற எச்சரிக்கை அறிவு முதுமை அடையவில்லை. காவலனை வீட்டு வேலையாட்களோடு பழக விடலாம். அவன் வாயைக் கட்டும் அதிகாரத்தை அவர்களுக்குத் தரலாகாது.