அஞ்சிய நெஞ்சும் அரை மயக்கமும்

மலையகத் தோட்டங்களில் முறையான வைத்தியம் வந்து சேருமுன்னர், துரைமாரே வைத்தியராகவும் விளங்கினர். கோப்பிக் காலத்திலே ராகலைக்கோ உடப்புசல்லாவைக்கோ நல்ல வழித்தடம் இல்லை. நானுஓயாவிலிருந்து ராகலை வரை ஓடிப் பின்னர் 1940களில் நின்றுபோன சிறு ரயிலும் அக்காலத்தில் தோன்றியிருக்கவில்லை. காய்ச்சலென்றும் வயிற்றுளைவென்றும் லயத்திலிருந்து வந்தவர்களுக்குத் துரையின் மருந்துப் பெட்டியே கதி. அதில் ஆமணக்கெண்ணெய் இருக்கும், குயினைன் இருக்கும், குளோரோடைன் என்னும் கருநிறத் திராவகம் நிறைந்த சிறு போத்தலும் இருக்கும். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென 1872ஆம் ஆண்டிலே சட்டம் பிறந்தது. 1912ஆம் ஆண்டில் அது திருத்தி விரிக்கப்பட்டது. ஆயினும் சட்டம் ஏட்டிலிருந்து லயத்து வாசலுக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது.

குளோரோடைனை ஆக்கியவர், இந்தியாவில் ஆங்கிலப் படையிலே வைத்தியராயிருந்த ஜோன் கொலிஸ் பிரவுன் என்பவர். வாந்திபேதிக்கென்று அவர் கூட்டிய அம்மருந்தில் அபினின் சாரம் இருந்தது; கஞ்சாவின் சாரம் இருந்தது; குளோரோபோமும் இருந்தது. குடித்தவனுக்கு வயிற்று நோவு அடங்கும், உறக்கமும் வரும். அளவு மிஞ்சி அருந்தியோர் அவ்வுறக்கத்தினின்று எழாமற் போனதை இங்கிலாந்தின் மரண விசாரணை ஏடுகளே கூறும். இத்தகைய கேட்டை விளங்கிக்கொள்வது எளிது. மிகுந்தால் அமிர்தமும் நஞ்சாம் என்பது நம் மூதாட்டிகள் அறிந்ததே. ஆனால் அந்தப் போத்தலிலே கலந்திருந்த குளோரோபோம், மூக்கின் வழியாக மயக்க மருந்தாய்ச் சென்றபோது, இதற்கு நேர்மாறான ஒரு கேட்டையும் செய்தது. அதனை அறிஞர் உலகம் உணர்ந்துகொள்ள அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அந்த வரலாற்றின் பெரும்பகுதி நம் அண்டை நாடாகிய இந்தியாவில், ஐதராபாத் நகரிலே நிகழ்ந்தது.

1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஈதர் என்னும் ஆவியை முகரச் செய்து ஒருவருக்கு நோவின்றி அறுவை வைத்தியம் செய்துகாட்டினர். மறு ஆண்டு நவம்பர் 4ஆம் நாளிரவு, எடின்பரோவிலே ஜேம்ஸ் யங் சிம்சன் என்னும் வைத்தியர் தம் வீட்டு உணவு மேசையில் உதவியாளர் இருவரோடு அமர்ந்து குளோரோபோமை முகர்ந்து பார்த்தார். மூவரும் மயங்கி வீழ்ந்தனர், எழுந்ததும் மகிழ்ந்தனர். ஈதரைவிட இது விரைவானது, மணமும் இனியது. சில கிழமைகளுக்குள் ஐரோப்பா முழுவதும் இதன் புகழ் பரவிற்று.

மூன்று மாதங்கூட நிறையவில்லை. 1848ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள், நியூகாசிலுக்கு அணித்தாயுள்ள வின்லேற்றன் என்னும் ஊரில், ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுச் சிறுமிக்குக் கால்விரல் நகமொன்றை அகற்ற வேண்டியிருந்தது. முன்னொரு முறை மற்றொரு விரலுக்கு ஈதர் கொடுத்தே அறுவை செய்திருந்தனர். அப்பொழுது தீங்கொன்றும் நேரவில்லை. இம்முறை அவள் பெரிதும் அஞ்சினாள். விம்மி அழுதவண்ணம் நாற்காலியில் அமர்ந்தாள். துணியில் ஒரு தேக்கரண்டி அளவு குளோரோபோமை விட்டு முகரக் கொடுத்தார் வைத்தியர். கத்தி பட்டதும் அவள் உடல் துடித்தது. உதடுகள் வெளுத்தன. மருந்தை முகரத் தொடங்கி மூன்று நிமிடம் ஆகுமுன் அவள் உயிர் பிரிந்தது.

ஒரு தேக்கரண்டி மருந்து. அதுவும் அரைகுறையாக முகர்ந்தது! அளவு மிஞ்சிற்று என்று சொல்ல வழியே இல்லை. மயக்கத்திலே அவள் வாயில் ஊற்றிய நீரும் பிராந்தியுமே மூச்சை அடைத்துக் கொன்றன என்று சிம்சன் வாதிட்டார். தாம் கண்டெடுத்த மருந்தின்மீது பழி வருவதை அவர் விரும்பாதது இயல்பே. லண்டனிலிருந்த ஜோன் சினோ என்பவர் அதனை ஏற்கவில்லை. விக்டோரியா மகாராணிக்கு 1853இல் பிரசவத்தின்போது குளோரோபோம் கொடுத்தவர் இவரே. இத்தகைய மரணங்கள் ஐம்பதைத் திரட்டி ஆராய்ந்து, திடீரென நின்றது இருதயமே என்று அவர் எழுதினார். 1858இல் அவர் மறைந்தார். நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. எடின்பரோவாரோ, மூச்சைக் கவனித்தாற் போதும், நாடியைப் பார்ப்பது வீண் என்றனர். அக்கட்சியின் பேராசான் ஜேம்ஸ் சைம். வழக்கு இரு நகரங்களுக்கு இடையே பல்லாண்டு நீடித்தது.

ஈதர் 35 பாகை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும். விளக்கின் சுடர் பட்டால் தீப்பற்றும். ஆகவே இந்தியாவின் வெம்மையிலே குளோரோபோமே கோலோச்சிற்று. ஐதராபாத்தில் ஆங்கில இரசிடென்சியின் வைத்தியராயிருந்த எட்வர்ட் லோறி, சைமின் மாணாக்கர். மூச்சைக் கவனித்தால் எவரும் சாகார் என்பது அவருக்கு வேதவாக்கு. 1888ஆம் ஆண்டில் அவர் ஒரு குழுவைக் கூட்டி நாய்கள்மீது சோதனை நடத்தித் தம் கருத்தே சரியென அறிவித்தார். லண்டனின் லான்செட் என்னும் வைத்திய வார இதழ் ஐயுற்றது. ஐதராபாத் நிசாம் மீர் மகபூப் அலிகான் அதற்குப் பின்வாங்கவில்லை. நீங்களே ஒரு நிபுணரை அனுப்புங்கள், செலவுக்கு ஆயிரம் பவுண் தருகிறேன் என்றார். வந்தவர் லோடர் பிரண்டன். இருதயத்துக்கு ஆபத்து உண்டென்று நம்பியே 1889இல் அவர் கப்பலேறினார். நானூறுக்கு மேற்பட்ட நாய்கள், குரங்குகள், ஆடுகள், பூனைகள் முதலியவற்றின்மீது சோதனைகள் நடந்தன. ஒவ்வொன்றிலும் மூச்சே முதலில் நின்றது. இருதயம் பின்னரே ஓய்ந்தது. பிரண்டன் மனம் மாறி லண்டனுக்குத் தந்தி அடித்தார். (அதே நகரில், அதே காலத்தில் வைத்தியம் பயின்று மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்தவர் ரூபா பாய் பர்தூன்ஜி என்ற பார்சிப் பெண்மணி. உலகின் முதற் பெண் மயக்க வைத்தியர் எனப் பலராலும் போற்றப்படும் அவர் பெயரை, லோறியின் வழக்கைப் பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடுவர்.)

சோதனைகளில் பொய் இல்லை. எண்ணிக்கையும் குறைவன்று. ஆயினும் ஹன்னா கிரீனர் எவ்வாறு இறந்தாள் என்ற வினாவிற்கு அவை விடை தரவில்லை. ஏனெனில் ஐதராபாத்தில் விலங்குகளுக்கு மருந்தை நிறையக் கொடுத்தே பார்த்தனர். நிறையக் கொடுத்தால் மூச்சு முந்தி நிற்பது உண்மையே. அச்சிறுமியோ நிறைய வாங்கவில்லை.

1911ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த குட்மன் லெவி என்பவர் பூனைகளுக்குக் குளோரோபோமை மிகக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தார். அந்த அரை மயக்க நிலையில் அட்ரினலீன் என்னும் சுரப்பைச் சிறிதளவு ஏற்றியதும் இருதயம் துடிப்பை இழந்து, புழுக்கள் நெளிவதுபோல் நடுங்கி, ஓய்ந்தது. ஆழ்ந்த மயக்கத்திலிருந்த பூனைகளுக்கு அவ்வாறு நேரவில்லை. அட்ரினலீன் யாது? அச்சத்திலும் போராட்டத்திலும் உடல் தானே சுரப்பது. அழுது விம்மிய சிறுமியின் குருதியில் அது நிறைந்திருந்திருக்கும். குளோரோபோம் அவள் இருதயத்தை அதற்கு இணங்கச் செய்தது. கத்தி பட்ட நோவு எஞ்சியதை முடித்தது. இதிலுள்ள கொடுமை யாதெனில், ஆபத்துக்கு அஞ்சிச் சிறிது சிறிதாகக் கொடுத்தும் நிறுத்தி நிறுத்திக் கொடுத்தும் வந்த கருணையுள்ள வைத்தியர்களே, அவ்வாபத்தைத் தம் கையால் அழைத்தவர்களாயினர்.

குளோரோபோமின் குற்றம் அத்துடன் நிற்கவில்லை. மயக்கம் தெளிந்து, நன்றாயிருந்த குழந்தைகள் சில நாட்களின் பின் வாந்தியெடுத்து, பிதற்றி, இறந்ததை 1894இல் லெனார்ட் கதிரி எழுதினார். ஈரல் கெட்டிருந்தது. அறுவைக்கும் மரணத்துக்கும் இடையே நாட்கள் சென்றுவிட்டமையால், மருந்தின்மேல் ஐயுற எவருக்கும் தோன்றவில்லை.

1956இல் ஹலோதேன் என்னும் புதிய மருந்து வழக்கிற்கு வந்தது. தீப்பற்றாது, இனிய மணம், விரைந்த மயக்கம்: குளோரோபோமைப் புகழ்ந்த சொற்களே மீண்டும் ஒலித்தன. இந்திய, இலங்கை வைத்தியசாலைகளிலும் அது நெடுங்காலம் பயன்பட்டது. அட்ரினலீனைக் கண்டால் இருதயத்தைத் தடுமாறச் செய்யும் குணம் இதற்கும் இருந்தது. ஆனால் லெவியின் பாடம் கற்றிருந்தமையால் வைத்தியர் முன்னமே விழித்திருந்தனர். ஈரலைப் பற்றிய ஐயமோ மெல்லவே எழுந்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ எட்டரை இலட்சம் அறுவைகளின் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தனர். பொதுவில் அது பாதுகாப்பான மருந்தே என்று தெரிந்தது. எனினும் மிக அரிதாக, பெரும்பாலும் முன்னொரு முறை அதனை முகர்ந்தவர்க்கே, ஈரல் அழியும் கேடு உண்டென்பதும் பின்னர் உறுதியாயிற்று.

இன்று நுவரெலியாவிலோ கண்டியிலோ அறுவைக்குக் காத்திருக்கும் தோட்டத்துத் தாயிடம் மயக்க வைத்தியர் வந்து, “இதற்கு முன்னர் எப்போதாவது மயக்கம் கொடுத்தார்களா? அப்போது ஏதும் செய்ததா? உங்கள் குடும்பத்தில் எவருக்காவது?” என்று கேட்கிறார். அவளுடைய அச்சத்தைத் தணிக்க இரண்டு சொல் பேசுகிறார். வேண்டுமாயின் அதற்கும் மருந்து கொடுக்கிறார். அவள் சொல்லும் விடை அட்டையிலே குறிக்கப்படுகிறது.