கிளிக்கதையும் தக்காணியும்

மாதாப்பூரின் துர்கம் ஏரி முன்பு கோல்கொண்டாக் கோட்டைக்குக் குடிநீர் அளித்தது. அக்கோட்டையின் குதுப்ஷாகி அரசவையில் செழித்த தக்காணி, குடிபெயர்ந்தோர் மொழி. 14ஆம் நூற்றாண்டில் தில்லியிலிருந்து தக்காணம் வந்தோரின் பேச்சு, மராத்தி, தெலுங்குச் சொற்களை ஏற்று இலக்கிய மொழியாயிற்று.

வடமொழிக் கிளிக்கதைகளான ‘சுகசப்ததி’யைத் தழுவி, நக்ஷபி 1330இல் பாரசீகத்தில் ‘தூத்திநாமா’ இயற்றினார். 1639இல் கோல்கொண்டாக் கவிஞர் கவ்வாஸி அதனைத் தக்காணிக் கவிதையாக்கினார். ஈரடிதோறும் இயைபு அமையும் மஸ்னவி யாப்பு அதனைச் செவிக்கு இனிதாக்கியது. பாரசீகம் சென்ற இந்தியக் கதை, வந்தேறிகளின் பேச்சுமொழியில் மீண்டது.

1687இல் ஔரங்கசீப் கோல்கொண்டாவைக் கைப்பற்றியதும் புரவலர் மறைந்தனர். பின்னாளில் தக்காணி ‘கொச்சை உருது’ என இகழப்பட்டது. இவ்விழிவு அரசாதரவு அகன்றதன் விளைவேயன்றி மொழியின் குறையன்று. பல மொழியினர் பணிநாடிக் குடியேறும் இன்றைய மாதாப்பூரில், மொழிக்கலப்பை இகழ்வோர் இதனை எண்ணுதல் தகும்.