சேராங்கொட்டைக் குறி

பல வீட்டு அழுக்கு மூட்டைகள் ஒரே வெள்ளாவியில் வேகும். வெந்து, துறைக் கல்லில் அடிபட்டு, வெயிலில் காய்ந்து திரும்பும் வெள்ளை வேட்டிகளில் எது யாருடையது? வேட்டி முனையிலோ சட்டைக் காலரின் உட்புறத்திலோ ஒளிந்திருக்கும் சின்னக் கறுப்புக் குறிதான் அதைச் சொல்லும். வண்ணார் குறி என்பார்கள்; நகரத்தில் அது டோபி மார்க்.

அந்தக் குறிக்கு மை, சேராங்கொட்டை. மாமரத்துக்கும் முந்திரிக்கும் உறவான ஒரு காட்டுமரத்தின் கொட்டை. ஓட்டில் ஊறியிருக்கும் பிசுக்கான பாலை ஊசிமுனையால் தொட்டுத் துணியில் வைத்து, மேலே சுண்ணாம்பு நீர் தடவினால் கறுத்து இறுகிவிடும். பிறகு உவர்மண்ணுக்கும் அசையாது, வெள்ளாவி ஆவிக்கும் அசையாது. துணி நைந்து கந்தலானாலும் குறி இருக்கும்.

அதில் எழுத்து இருக்க வேண்டியதில்லை. இரண்டு புள்ளி, ஒரு கோடு. அல்லது ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் ஒரு புள்ளி. பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடப்படாதவர்கள் தமக்கென்று வைத்துக்கொண்ட கணக்கு இது. அதைப் படிக்கத் துவைப்பவருக்குத்தான் தெரியும். அறுவடைக் களத்தில் அவருக்கு நெல் அளந்து கூலி கொடுத்தவருக்குத் தன் வீட்டுக் குறி எது என்பதே பெரும்பாலும் தெரியாது.

போலீஸ்காரர்களுக்கு மட்டும் இதில் அக்கறை இருந்தது. ஆள் தெரியாத சடலம் கிடைத்தால் முதலில் காலரைப் புரட்டிப் பார்ப்பார்கள். குறி கிடைத்தால் அதைப் போட்டவரைத் தேடிப் போவார்கள். அவர் இறந்தவரின் வீட்டைக் காட்டிவிடுவார். துப்பறியும் கதைக்காரர்களும் இந்த வழியை விட்டுவைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சிலருக்குக் கழுத்திலும் இடுப்பிலும் அரித்துக் கொப்புளம் கிளம்பியது. குறி தோலில் உரசிய இடத்தில்தான் புண். அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் 1943-இல் இதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். சேராங்கொட்டைப் பால் பட்டால் மேனி புண்ணாகும் என்பது நம் ஊரில் பழைய சங்கதி. கொட்டையைத் தினமும் தொட்ட கைகளைப் பற்றி இதழ்கள் அவ்வளவாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இன்று வாஷிங் மெஷினில் ஒரு வீட்டுத் துணிதான் சுழல்கிறது. அதற்குக் குறி எதற்கு? லாண்டரிக் கடைகள் எண் எழுதிய துண்டுச்சீட்டைக் குத்தி அனுப்புகின்றன. சேராங்கொட்டை இப்போது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது. நஞ்சு நீங்கச் சுத்தி செய்த பிறகே சித்த வைத்தியர்கள் அதை லேகியத்தில் சேர்க்கிறார்கள்.