உறுப்புகளுக்குப் பெயரிட்ட கதை

தமிழில் அறிவியல் பயிலும் மாணவர்கள் நன்கறிந்த தொல்லை ஒன்று உண்டு. ஒரு நூலில் தைராய்டு சுரப்பி என்றிருப்பது மற்றொரு நூலில் கேடயச் சுரப்பி ஆகிவிடும். இரண்டும் ஒன்றே என்று தெரியாதவர் திகைத்துப் போவார். ஐரோப்பிய மருத்துவ மாணவர்கள் ஒரு காலத்தில் இதைவிடப் பன்மடங்கு திகைத்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உடற்கூற்றியல் நூல்களில் சுமார் 50,000 பெயர்கள் வழங்கி வந்தன. அவை சுட்டிய உடற்பகுதிகளோ ஏறத்தாழ 5,000தான்! ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆசிரியர் இட்ட பெயரையே போற்றியது. விவரித்தவரின் பெயரையே உறுப்புக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலியர் ஃபாலோப்பியோவின் பெயர் கருப்பைக் குழலுக்கு வாய்த்தது அவ்வாறே.

1895இல் ஜெர்மன் உடற்கூற்றியலார் சங்கம் சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசெல் நகரில் கூடியது. ஓர் உறுப்புக்கு ஓர் இலத்தீன் பெயர் என்னும் விதிப்படி அமைந்த பட்டியல் ஒன்றை ஏற்றது. பெரிய சாதனைதான். ஆயினும் பூசல் ஓயவில்லை.

'மேல்', 'கீழ்' என்ற எளிய சொற்களே அடுத்த பூசலுக்குக் காரணமாயின. நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்குத் தலை மேலே இருக்கிறது. வயிறு முன்னே இருக்கிறது. நான்கு காலில் நிற்கும் நாய்க்கோ தலை முன்னே, வயிறு கீழே. மனிதனுக்கு இட்ட திசைச் சொற்கள் நாய்க்குப் பொருந்தா. 1935இல் யேனா நகரில் உருவான திருத்தப் பட்டியல், விலங்குகளுக்கும் பொருந்தும்படி 'தலைப்புறம்', 'வால்புறம்' என்னும் பொருள்படும் சொற்களைத் தேர்ந்தது. மருத்துவர் பலருக்கு இது பிடிக்கவில்லை. 1955இல் பாரிஸ் மாநாடு மீண்டும் நிமிர்ந்த மனிதனையே அளவாகக் கொண்டது, ஆட்பெயர்களையும் விலக்கியது. கால்நடை மருத்துவர்கள் 1968இல் தமக்கெனத் தனிப் பட்டியல் வெளியிட்டுக்கொண்டனர். மனிதன் ஒரு நூலிலும் மாடு வேறொரு நூலிலுமாகப் பிரிந்தன. அப்போது அதனால் யாருக்கும் நட்டமில்லை.

நட்டம் பின்னர்த் தெரிந்தது. 1915இல் மில்ட்ரெட் ஹோக் என்னும் அமெரிக்கப் பெண் ஆய்வாளர் கண்ணற்ற பழ ஈக்களைப் பற்றி எழுதினார். சுண்டெலி வளர்ப்போர் 'சிறுகண்' என்றொரு குறையைக் குறித்து வைத்திருந்தனர். மனிதரில் சில குழந்தைகள் கருவிழித்திரை இன்றிப் பிறக்கின்றன. பார்வை பெரிதும் குன்றும். மூன்று குறைகளும் மூன்று துறையினரின் ஏடுகளில், மூன்று விதச் சொற்களில் கிடந்தன. சுண்டெலியிலும் மனிதரிலும் காரணம் ஒரே மரபணுதான் என்பது 1991இல் தெரிந்தது. ஈயின் மரபணுவும் அதன் இணையே என்பதை 1994இல் வால்ட்டர் கேரிங்கின் ஆய்வுக்குழு காட்டியது. அவர்கள் பணியாற்றியதும் அதே பாசெல் நகரில்தான்!

இஃது ஒரு மரபணுவின் கதை. ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கு இவ்வாறு தொடர்பு தேட வேண்டுமாயின் மனித நினைவு போதாது. கணிப்பொறியே தேட வேண்டும். கணிப்பொறிக்கோ விழித்திரை கண்ணைச் சேர்ந்தது என்பதுகூடத் தெரியாது. ஆகவே வெறும் பெயர்ப் பட்டியல் பயன்படாது. 'இது அதன் பகுதி', 'இது அதில் ஒரு வகை' என்னும் உறவுகளையும் எழுதித்தர வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கொர்னீலியஸ் ராஸ் குழுவினர் மனித உடலுக்கு இவ்வாறு செய்து, 2003இல் சுமார் 70,000 உடற்கருத்துகளை விவரித்தனர். எடின்பரோவில் சுண்டெலிக் கருவுக்கு 1998இலேயே ஒரு சொற்றொகுதி வெளியாயிருந்தது. அதில் வளர்ச்சிப் படிகள் 26. முதற்படிகளில் கல்லீரலே இராதாகையால் எந்தப் படி என்று குறிப்பிடுவது இன்றியமையாதது.

ஈ, மீன், எலி, மனிதன் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொற்றொகுதி வந்தபின், அவற்றை இணைப்பது எப்படி? ஒரே சொல் வரும் இடங்களை ஒட்டவைத்தால் போதும் என்று தோன்றும். அங்கேதான் பொறி இருக்கிறது. முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்புக்கு டிபியா என்று பெயர். பூச்சிக் காலின் ஒரு கணுவுக்கும் டிபியா என்றே பெயர். பூச்சிக்கு எலும்பே கிடையாது! மனித எலும்பைப் பற்றித் தேடும் மருத்துவருக்கு ஈயின் மேலோட்டைக் காட்டினால் என்ன ஆகும்? ஓர் உறுப்புக்குப் பத்துப் பெயர் இருப்பதைவிட, பத்து உறுப்புக்கு ஒரு பெயர் இருப்பதே ஆபத்தானது என்பேன்.

இதற்காகவே 'உபெரான்' என்னும் பொதுச் சொற்றொகுதி உருவாயிற்று. 2012இல் இதன் விவரம் வெளியானபோது 6,500க்கு மேற்பட்ட உறுப்பு வகைகள் அதில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. இதயத்தின் எண் 0000948. பெயர் மாறினாலும் எண் மாறாது. ஈயின் கூட்டுக்கண்ணும் நம் கண்ணும் 'கண்' என்பதன் இரு வேறு வகைகளாக அதில் நிற்கின்றன. இத்தகைய பொதுச் சொற்களால் மனித நோய்க்குறிகளையும் விலங்குகளின் குறைகளையும் எழுதிவைத்தால், தொடர்புடைய மரபணுக்களைக் கணிப்பொறியே கண்டுகாட்டும் என்பதை 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு மெய்ப்பித்தது.

பாரிஸ் மாநாடு விலக்கிய ஃபாலோப்பியோவை மருத்துவர்கள் இன்னும் கைவிடவில்லை. உபெரானிலும் அவர் பெயர் இருக்கிறது. கருப்பைக் குழல் என்று சொன்னாலும், ஃபாலோப்பியன் குழல் என்று சொன்னாலும் கணிப்பொறி போய்ச் சேரும் எண் ஒன்றே.