தொண்டிற்கும் பயிற்சி வேண்டும்



மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், எட்டையபுரத்தைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் எப்போதும்வென்றான் என்னும் ஊர் வரும். வானம் பார்த்த பூமி, கரிசல் மண். மழை பெய்தால் காலில் அப்பிக்கொள்ளும். பெய்யாவிட்டால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தியும் உளுந்தும் மிளகாயும் அந்த மண்ணின் செல்வங்கள். பெயரிலே எப்போதும் வெற்றியைத் தாங்கி நிற்கும் அவ்வூர்ப் பக்கத்தில், ஆசிரியனாக இருந்த என் வாழ்வில் நேர்ந்த ஒரு தோல்வியைச் சொல்லி இந்தப் பேச்சைத் தொடங்குகிறேன்.

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகள் அவை. ஏழாம் வகுப்பில் நன்றாகப் படித்து வந்த ஒரு பையன் பத்து நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. அவன் வீட்டிற்கே சென்றேன். தாயார் சுவரைப் பார்த்தபடி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார். தகப்பனார் செய்வதறியாது திண்ணையில் அமர்ந்திருந்தார். எனக்கு நல்லெண்ணம் மிகுதி, ஆகவே தெரு வாசலில் நின்றுகொண்டே, அண்டை வீட்டார் சூழ்ந்திருக்க, "எத்தனை நாளாக இப்படி? இரவில் தூங்குகிறார்களா? குடும்பத்தில் வேறு யாருக்கேனும் உண்டா?" என்று உரத்த குரலில் கேட்டேன். "மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் அம்மா" என்று அறிவுரையும் கூறினேன். அன்று மாலைக்குள் அந்த வீட்டுச் செய்தி ஊர்ச் செய்தி ஆயிற்று. பையன் வெட்கத்தால் அதன் பிறகு பள்ளிப் பக்கமே வரவில்லை. தீப்பெட்டி வேலைக்குப் போய்விட்டான். நான் உதவச் சென்றேன். ஆனால் உடைத்துவிட்டு வந்தேன்.

பாடம் நடத்த எனக்குப் பயிற்சி தந்திருந்தார்கள். துயருற்ற ஒரு குடும்பத்தின் முன் எப்படி அமர்வது என்பதற்கு எனக்குப் பயிற்சி இல்லை. அதற்கும் ஒரு பயிற்சி உண்டு என்பதே அன்று எனக்குத் தெரியாது. அந்தப் பயிற்சி உலகில் எவ்வாறு தோன்றிற்று, நம் நாட்டிற்கு எவ்வாறு வந்தது என்பதையே இன்று உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

மனநோய்க்கு முதலில் மனிதன் கண்ட வழி மதிற்சுவர். சென்னையில் 1794-ஆம் ஆண்டு வாலண்டைன் கானலி என்னும் கும்பினி மருத்துவர் மனநோயாளருக்கென ஒரு காப்பகம் ஏற்படுத்தினார். பின்னர் அது அரசின் பொறுப்பில் வந்து, 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் புதிய இடத்தில் அமைந்தது. இன்று மனநலக் காப்பக நிலையமாக விளங்கும் பெரிய மருத்துவமனை அதுவே. அக்காலத்தில் அங்கே வேண்டப்பட்டவர்கள் காவலர். பூட்டத் தெரிந்தால் போதும், பேசத் தெரிய வேண்டியதில்லை. நோயாளி ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவர், திரும்பிச் செல்ல ஒரு வீடு உடையவர் என்ற நினைவே அந்த ஏற்பாட்டில் இல்லை.

அந்த நினைவு மேலைநாட்டில் ஒரு பொது மருத்துவமனையில் வேறு வழியாகப் பிறந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரிச்சர்டு காபட் என்னும் மருத்துவர் ஓர் உண்மையைக் கண்டார். மருந்து கொடுத்து அனுப்பிய நோயாளி மீண்டும் அதே நோயுடன் வருகிறார். ஏனெனில் அவர் திரும்பிச் செல்வது அதே ஈரமான அறைக்கு, அதே பசிக்கு, அதே சச்சரவுக்கு. மருத்துவர் வீட்டைப் பார்ப்பதில்லை. ஆகவே வீட்டைப் பார்த்து வரும் ஊழியரை 1905-இல் அவர் தம் மருத்துவமனையில் அமர்த்தினார். ஐடா கேனன் என்னும் அம்மையார் அந்தப் பணியை வளர்த்து ஒரு தொழிலாகவே ஆக்கினார். அதற்கு முன்பே, 1898-இல், நியூயார்க்கில் தருமப் பணியாளர்க்கென ஆறு வாரக் கோடை வகுப்பு ஒன்று நடந்தது. ஈகைக்கும் பாடம் உண்டோ என்று அன்று பலர் நகைத்திருக்கக்கூடும். ஆனால் அந்தக் கோடை வகுப்பிலிருந்தே சமூகப்பணிக் கல்லூரிகள் முளைத்தன.

முதல் உலகப்போர் இந்தத் தேவையை மேலும் வெளிப்படுத்தியது. உடலில் காயமில்லாமலே மனம் உடைந்த வீரர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தனர். அவர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் தாங்குவதற்கு ஆள் வேண்டும். 1918-இல் ஸ்மித் கல்லூரி மனமருத்துவச் சமூகப்பணிக்கெனத் தனிப் பயிற்சியைத் தொடங்கியது. வகுப்பில் கோட்பாடு, மருத்துவமனையில் மேற்பார்வையின் கீழ்ப் பழக்கம் என்ற இரண்டும் இணைந்த முறை அதுவே. ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு இது புதிதன்று. நாங்களும் முதலில் பாடக்குறிப்பு எழுதுவோம். பின்பு வகுப்பில் நடத்துவோம். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியர் பிழைகளை எடுத்துச் சொல்வார். தன் பிழையைப் பிறர் காண நின்றவனே தொழில் கற்றவன் ஆகிறான்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1936-ஆம் ஆண்டில் பம்பாயில் சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டப் பள்ளி தொடங்கப்பெற்றது; கிளிஃபர்டு மான்ஷார்ட் அதன் முதல் இயக்குநர். மறு ஆண்டிலேயே அது குழந்தைகளுக்கான மனநல வழிகாட்டு நிலையம் ஒன்றைத் திறந்தது. 1944 முதல் அப்பள்ளி டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் கொண்டது. 1946-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் மருத்துவச் சமூகப்பணியாளர் பதவி ஏற்பட்டது. அதே 1946-இல் போர் குழுவினர் அளித்த சுகாதார அறிக்கை, மனநல ஊழியரைப் பயிற்றுவிக்க ஒரு நிறுவனம் வேண்டும் என்றது. அதன் விளைவாக 1954-இல் பெங்களூரில் அனைத்திந்திய மனநல நிறுவனம் தோன்றியது. மருத்துவர், உளவியலார், செவிலியர், சமூகப்பணியாளர் ஆகிய நால்வரும் ஒரே கூரையின் கீழ்ப் பயில அது வழி வகுத்தது. அதுவே 1974-இல் மனநல மருத்துவமனையுடன் இணைந்து, இன்று நிம்ஹான்ஸ் என்று யாவரும் அறிந்த நிலையம் ஆயிற்று.

தமிழகமும் பின்தங்கவில்லை. மேரி கிளப்வாலா ஜாதவ் என்னும் அம்மையார் இரண்டாம் உலகப்போரின்போது படைவீரர்க்கு உபசாரப் பணிகள் நடத்தியவர். தொண்டுள்ளம் படைத்தோர் ஆயிரம் பேரைத் திரட்டலாம், ஆனால் முறை தெரிந்தவர் பத்துப் பேர் கிடைப்பது அரிது என்பதைப் பட்டறிவால் உணர்ந்தவர் போலும்! 1952-இல் அவர் சென்னை சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார். தென்னாட்டில் இப்பயிற்சிக்கு அது ஒரு தலைவாயில் ஆயிற்று.

ஆயினும் கல்லூரியில் மட்டுமே இக்கலை வளர்ந்தது என்று கருதலாகாது. 1950-களில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் வித்யாசாகர் என்னும் மருத்துவர் ஒரு புரட்சியே செய்தார். இடமோ குறைவு, நோயாளரோ மிகுதி. அவர் நோயாளிகளின் உறவினரை மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துத் தங்கச் செய்தார். நோயைப் பற்றி எளிய மொழியில் அவர்களுக்கு எடுத்துரைத்தார். உறவினர் அஞ்சுவதை விடுத்துப் பேணக் கற்றனர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் தொடங்கிய மனநல நிலையத்திலும் குடும்பத்தார் உடனிருந்து பேணும் முறை கைக்கொள்ளப்பட்டது. மேலைநாடு குடும்பத்தைப் பார்த்து வர ஊழியரை அனுப்பியது. நம் நாடோ குடும்பத்தையே ஊழியராக்கியது. இது நாம் உலகிற்குத் தந்த பாடம் எனலாம்.

கீழ்ப்பாக்கத்து மதிலும் மெல்லத் திறந்தது. இந்தியாவின் முதல் பெண் மனமருத்துவர் எனப் போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். ஓய்வு பெற்ற பின்னரும் ஓயாமல், 1984-இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார். மதுரையில் 1992-இல் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை தோன்றியது. அரசும் 1982-இல் தேசிய மனநலத் திட்டத்தை வகுத்தது. 1996-இல் அது மாவட்ட அளவில் இறங்கியபோது, முதலில் தேர்ந்த நான்கு மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோதே நம் மனச்சான்றை உலுக்கிய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓட முடியாமல் மாண்டனர். இறந்தோர் 28 பேர். எங்கள் கரிசல் காட்டிலிருந்து அது வெகு தொலைவன்று. அவர்களை அங்கே கொண்டு விட்டவர்கள் கொடியவர்களா? அல்லர். வேறு வழி அறியாத அண்ணன்மார், தந்தையர், கணவன்மார். வழி சொல்லப் பயின்ற ஒருவர் அவர்கள் வாசலை மிதித்ததே இல்லை என்பதே அந்தத் தீயின் வேர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று விதித்தது. அது 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் சங்கிலியை அறுக்கும். ஆனால் அறுத்த பின் கையைப் பிடிக்க ஆள் வேண்டுமன்றோ? 2015-16-இல் நிம்ஹான்ஸ் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வு, வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறையால் வருந்துவதாகக் கூறியது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், அவர்களுள் சிகிச்சை பெறாதோர் நூற்றுக்கு 70 முதல் 92 வரை. இத்தனை பேருக்கும் மருத்துவரை மட்டும் நம்பியிருத்தல் இயலாது. இங்கேதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது. தமிழ்நாடு, கோவா, சாத்தாரா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு நோயாளர் 282 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து, 2014-இல் வெளியாயிற்று. மருத்துவமனைச் சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர் வீட்டிற்குச் சென்று துணைநின்றபோது, நோயின் கடுமையும் செயலிழப்பும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. பெரும் பட்டதாரிகள் அல்லர் அவர்கள். முறையாகக் கற்றுக்கொடுக்கப்பெற்றவர்கள், மேற்பார்வை உடையவர்கள்.

அந்தப் பயிற்சியில் என்னதான் கற்பிக்கிறார்கள்? முதலாவது, கேட்பது. பேசுவதைவிட இது கடினம். இரண்டாவது, மறை காப்பது. ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் மூச்சு விடாதிருத்தல். மூன்றாவது, நோயாளியை மட்டுமன்றிக் குடும்பம் முழுவதையும் காண்பது. உழைப்பவர் யார், சோர்ந்தவர் யார், பசித்த குழந்தை எது என அறிதல். நான்காவது, தன் எல்லையை உணர்வது. எந்த அடையாளம் கண்டால் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்ற தெளிவு. ஐந்தாவது, தன் பணியை மூத்தவர் முன் வைத்துத் திருத்திக்கொள்வது. நான் அன்று அந்தத் தெரு வாசலில் செய்த பிழைகளை இந்த ஐந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றையும் நான் விட்டு வைக்கவில்லை!

நான் தலைமையாசிரியனாக இருந்த இறுதி ஆண்டுகளில், மற்றொரு மாணவியின் வீட்டில் இதே போன்ற துன்பம் நேர்ந்தது. இம்முறை நான் முந்திக்கொள்ளவில்லை; மாவட்ட மனநலத் திட்டத்திற்குச் சொல்லி அனுப்பினேன். இளம் பெண் ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று தரையில் அமர்ந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். மிளகாய் விலையைப் பற்றிப் பேசினார். எட்டிப் பார்த்த அண்டை வீட்டாரிடம், "பள்ளிக்கூட விஷயமாக வந்தேன் அத்தை" என்று சிரித்து அனுப்பினார். பின்னரே தாயாரின் அருகில் நகர்ந்து அமர்ந்தார். என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது. கேட்டபோதும் அவர் சொல்லவில்லை. அந்தத் தாய் மருத்துவமனைக்குச் சென்று மருந்து உண்ணத் தொடங்கினார் என்பதும், அந்த மாணவி ஒரு நாளும் வகுப்பிற்கு வராமல் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மாணவர்களே, ஒரே நல்லெண்ணம்தான் எனக்கும் அவருக்கும் இருந்தது. எங்களிடையே இருந்த வேற்றுமை பயிற்சி ஒன்றே. பட்டம் பெற்றபின் சமூகப்பணியில் 2 ஆண்டு முதுகலைப் படிப்பு உண்டு. உளவியலும் செவிலியமும் வேறு வாயில்கள். மருத்துவமும் பொறியியலும் மட்டுமே படிப்பு என்று எண்ணும் பெற்றோரிடம் இவற்றையும் எடுத்துச் சொல்லுங்கள். உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ மனம் தளரும் நேரம் வந்தால், 2022-இல் தொடங்கப்பெற்ற அரசின் டெலி மனாஸ் சேவைக்கு 14416 என்னும் எண்ணில் பேசலாம்; அந்த முனையிலும் பயிற்சி பெற்ற ஒருவரே கேட்பார்.

தீப்பெட்டி வேலைக்குப் போன அந்தப் பையனுக்கு இப்போது நடுவயது கடந்திருக்கும். அவன் வாசலுக்கு நான் பயிற்சியின்றிப் போனேன். அடுத்த வாசலுக்கு உங்களில் ஒருவர் பயின்று போக வேண்டும் என்பதே என் விருப்பம்.