எவியன்: ஒரு நீரூற்று ஊரும் இரண்டு மாநாடுகளும்

எவியன் என்ற பெயரை நான் முதன்முதலில் கண்டது விமான நிலையமொன்றில், ஒரு தண்ணீர்ப் போத்தலின் மேல். விலையைப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அது ஓர் ஊரின் பெயரென்பது, பின்னொரு காலத்தில் அல்ஜீரிய விடுதலைப் போர் பற்றி வாசிக்கையில்தான் தெரியவந்தது.

பிரான்ஸில், ஜெனீவா ஏரியின் தென்கரையில் இருக்கும் சிற்றூர் அது. எதிர்க்கரை சுவிற்சர்லாந்து. மலையில் விழும் மழையும் பனியும் மண்ணுக்குள் இறங்கி, ஆண்டுக்கணக்கில் வடிந்து, கனிமம் கலந்த ஊற்றாக வெளிவருகின்றன. 1789இல் ஒரு பிரபு அந்நீரைக் குடித்துச் சிறுநீரகக் கல் நோய் நீங்கப்பெற்றாராம். அந்தக் கதையே ஊரை வளர்த்தது. குளிப்பு மண்டபங்களும் சூதாட்ட மாளிகையும் எழுந்தன. 1909இல் ஹோட்டல் றோயல் வந்தது.

அந்த ஹோட்டலில்தான் 1938 ஜூலை 6 முதல் 15 வரை 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கி நான்கு மாதங்களே ஆகியிருந்தன. யூத அகதிகளுக்கு வழி தேட அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் விடுத்த அழைப்பு அது. ஆனால் எந்த நாடும் தன் நடைமுறைச் சட்டத்துக்கு மேலாக எவரையும் ஏற்க வேண்டியதில்லை என்ற உறுதியும் அழைப்பிலேயே இருந்தது. ஒவ்வொருவராக எழுந்து அனுதாபம் சொன்னார்கள்; கூடவே சாக்கும் சொன்னார்கள். தம்மிடம் இனப் பிரச்சினை இல்லை, அதை இறக்குமதி செய்யவும் விருப்பமில்லை என்றார் அவுஸ்திரேலியப் பிரதிநிதி. ஒரு இலட்சம் பேர் வரை ஏற்பதாகச் சொன்னது டொமினிக்கன் குடியரசு மட்டுமே. முந்திய ஆண்டில் ஹெயிட்டி மக்களைக் கொன்று குவித்த ட்ருஹியோவின் நாடு அது! பலஸ்தீனிலிருந்து போயிருந்த கோல்டா மேயர் பார்வையாளராக இருந்தார், பேச அனுமதியில்லை. பலஸ்தீன் விவகாரத்தை மேசைக்கே கொண்டுவரக் கூடாதென்பது பிரித்தானியாவின் நிபந்தனை.

1948இல் வீடிழந்த ஏழு இலட்சத்துக்கும் அதிகமான பலஸ்தீனரைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அப்படி எழுதும்போது எவியனில் சாத்தப்பட்ட கதவுகளைத் தொடாமல் போவது சரியல்ல என்பது என் எண்ணம். அன்று துரத்தப்பட்ட யூதரின் துயரைச் சொல்வதால் பலஸ்தீனரின் நியாயம் குறைந்துவிடாது. மேற்கு நாடுகள் தங்கள் கடனை யார் தலையில் இறக்கின என்பது அப்போதுதான் துலக்கமாகத் தெரியும்.

இரண்டாவது மாநாடு வேறு மாதிரி. 1830 முதல் பிரான்ஸின் பிடியிலிருந்த அல்ஜீரியாவின் விடுதலை முன்னணியினர் 1961 மே மாதம் எவியனுக்கு வந்தார்கள். தங்கியது சுவிஸ் பக்கம். பேச்சுக்கு ஹெலிகொப்டரில் வந்து போனார்கள். இம்முறை, யாருடைய விதி பேசப்பட்டதோ அவர்களே மேசையின் மறுபுறம் அமர்ந்திருந்தார்கள். கிரிம் பெல்காசெம் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அந்தச் சுற்று முறிந்தது. மீண்டும் கூடி, 1962 மார்ச் 18இல் ஒப்பமிட்டார்கள். மறுநாள் நண்பகல் போர் நிறுத்தம். ஜூலை 5இல் அல்ஜீரியா சுதந்திரம் கொண்டாடியது.

பேச்சுவார்த்தைக்குத் தன் ஊரில் இடம்தர இசைந்த மேயர் கமீல் பிளாங் அதைப் பார்க்கவில்லை. முதல் சுற்றுத் தொடங்குமுன்பே, 1961 மார்ச் 31இல், அல்ஜீரியாவை விட மறுத்த தீவிரவாதப் பிரெஞ்சுக்காரர் வைத்த குண்டு அவரைக் கொன்றுவிட்டிருந்தது.