‘கைநீட்டி அடித்ததில்லை’: நெடிய மணவாழ்வில் கொடுமையும் சட்டமும்

மணமுறிவுப் பேச்சுகளில் கணவன் தரப்பு முன்வைக்கும் முதல் நற்சான்று, ‘ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை’ என்பது. இரண்டாவது, முப்பது ஆண்டு குடும்பம் நடத்தியவள் இப்போது ஏன் வருகிறாள் என்ற கேள்வி. இந்த இரண்டாவதே கூடுதல் தீங்கு செய்கிறது என்பது என் வாதம். சத்தமில்லாத கொடுமைக்குக் காலமே கருவி. காய்கறிக்குக் கொடுத்த காசுக்கு அன்றாடம் கணக்குக் கேட்பது, தாய்வீட்டுப் பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பது, வாரக்கணக்கில் முகம்கொடுத்துப் பேசாதது என ஒவ்வொன்றும் தனித்துப் பார்த்தால் அற்பமாகத் தெரியும். இருபதாம் ஆண்டில் அவன் கணக்குக் கேட்கவே வேண்டியதில்லை. அவளே பதிலைத் தயார்செய்துகொண்டுதான் கடைக்குப் போகிறாள். அமெரிக்கச் சமூகவியலாளர் இவான் ஸ்டார்க் 2007இல் வெளியிட்ட நூல், அடிகளை எண்ணுவதை விட்டுப் பறிபோன சுதந்திரத்தைப் பார்க்கச் சொன்னது இதனால்தான்.

நம் சட்டத்தில் காலம் பல வேளை பாதிக்கப்பட்டவருக்கு எதிராகவே நிற்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், பிரிவு 23, கொடுமையைக் காரணம் காட்டுபவர் அதை மன்னித்திருக்கக் கூடாது என்கிறது. தாஸ்தானே வழக்கில் (1975) உச்ச நீதிமன்றம் கொடுமை நிரூபணமானதாக ஏற்றது. ஆனால் தம்பதியர் தொடர்ந்து இல்லறம் நடத்தியதை மன்னிப்பாகக் கொண்டு நிவாரணத்தை மறுத்தது. அங்கே மனுதாரர் கணவர். ஊரில் மதிப்பும் கையில் வருவாயும் இருந்தவர். அதே அளவுகோலைச் சொந்த வருமானமும் போக்கிடமும் இல்லாத மனைவிக்கு வைத்தால், அவளுடைய கையறுநிலையே மன்னிப்பாகப் பதிவாகிவிடும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதைவிடத் தெளிவானது: இழிவுபடுத்தலையும் பணத்தை முடக்குவதையும் வன்முறை என்றே வரையறுத்து, சூழ்நிலை முழுவதையும் சேர்த்துப் பார்க்கவும் பணிக்கிறது.

இப்படிப் போனால் எந்த வீட்டுச் சண்டையும் வழக்காகிவிடாதா என்ற மறுப்பை ஒதுக்க முடியாது. சமர் கோஷ் வழக்கின் தீர்ப்பே (2007) இல்வாழ்வின் சாதாரண உரசல் கொடுமையாகாது என்று எச்சரித்தது. ஆனால் அதே தீர்ப்புதான் மணவாழ்வை முழுமையாக மதிப்பிட வேண்டும், தீய நடத்தை நீண்ட காலம் தொடர்ந்திருக்க வேண்டும் என்றும் கூறியது. ஆக, நீட்சி அங்கே கொடுமைக்குச் சான்று. சண்டையில் இருவரும் பேசுகிறார்கள். ஒருவர் மட்டுமே அஞ்சி, ஒருவர் மட்டுமே அனுமதி கேட்கும் வீட்டில் நடப்பது சண்டையே அல்ல. இந்த வேறுபாட்டைச் சட்டமாக்க முடியும். இங்கிலாந்து 2015இல் கட்டுப்படுத்தும் நடத்தையைத் தனிக் குற்றமாக்கி, அது மற்றவர் மீது கடும் விளைவை உண்டாக்கியிருக்க வேண்டும் என்று வரம்பும் வைத்தது.

சிறைத் தண்டனையை இங்கும் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிரிவு 23இன் கீழ் ‘மன்னித்தாள்’ என்று எழுதுமுன், அந்த ஆண்டுகளில் அவள் கையில் பணம் இருந்ததா, போக ஒரு வீடு இருந்ததா என்று நீதிமன்றங்கள் விசாரித்துப் பதிவுசெய்ய வேண்டும்.